முன்கூடத்து ஜன்னலில் வெயில்

டெக்லா: ...வழியிலேயே சொல்லிடு செவெரின். அண்ணன் வாசல்ல வந்து இறங்கி இடிஞ்சு போய் நிக்கிறதைப் பார்க்க என்னால ஆகாது.

செவெரின்: சொல்றேங்கிறேன்ல.

டெக்லா: எப்படிச் சொல்லுவே? எங்கே, சொல்லிக் காட்டு.

செவெரின்: "அண்ணே, கேட்டுலேர்ந்து வாசல் வரைக்கும் ரெண்டு வரிசையா லிண்டன் மரம் நின்னுச்சே, அது ஒண்ணும் இப்போ இல்ல. வெட்டிட்டோம்." போதுமா?

டெக்லா: எப்போன்னு கேப்பான்.

செவெரின்: "உன்னைச் சைபீரியாவுக்கு நாடு கடத்தின மறு வருஷம்..."

டெக்லா: "அப்போ வருஷா வருஷம் மரத்தோட வீட்டை வரைஞ்சு வரைஞ்சு அனுப்பினியே, அந்தப் படமெல்லாம் என்னடா?"ன்னு கேப்பான்.

செவெரின்: ...

டெக்லா: பாத்தியா? இங்கேயே வாய் அடைச்சுப் போச்சு.

செவெரின்: கலகத்துக்குப் புள்ளையை அனுப்பின வீடுன்னு சர்க்கார் தண்ட வரி போட்டுச்சு, அதுக்குத்தான் மரம் போச்சுன்னு எழுதச் சொல்றியா? தன்னாலதான் போச்சுன்னு அவன் அங்கே பனியில உக்காந்து அழறதுக்கா? அதனாலதானே மறைச்சோம்.

டெக்லா: மறைச்சோம் இல்ல. மறைச்சே. நான் அப்பவே வேணாம்னேன்.

செவெரின்: சரி, மறைச்சேன். நானேதான் மறைச்சேன். குதிரைக்கு அந்த வாரை இழுத்துப் பிடி... நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். ஆத்தங்கரை வழியா சுத்திக் கூட்டிட்டு வரேன். இருட்டினப்புறம் வந்து சேருவோம். சாப்பிடட்டும், நல்லாத் தூங்கட்டும். காலையில பக்குவமா...

டெக்லா: ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் அடிக்கிற ஜூன் மாசத்துல எப்போடா இருட்டப் போகுது உனக்கு?

செவெரின்: மெதுவா ஓட்டுறேன். ...அக்கா, என் பெட்டி கட்டியாச்சா?

டெக்லா: கட்டியாச்சு.

செவெரின்: தூக்கிப் பார்த்தேன், இரும்பாக் கனக்குது. அவ்வளவு துணியா என்கிட்ட இருக்கு?

டெக்லா: ம்யூனிக்ல குளிராதா? கம்பளி எல்லாம் வச்சேன்.

செவெரின்: பூட்டியிருக்கே?

டெக்லா: சாவி என் இடுப்புல இருக்கு. கிளம்பற அன்னிக்குத் தரேன்.

செவெரின்: அண்ணன் வந்ததும் பண்ணையை அவன் கையில குடுத்துட்டு, மறு வாரமே கிளம்பிடுவேன். என்ன அப்படிப் பாக்குறே? அவன் வந்துட்டா நான் எதுக்கு இங்கே?

டெக்லா: ...ரயில் வந்துடும். கிளம்பு.

* * *

கஸ்பெர்: ...அதைத்தான் கேக்குறேன். ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு நேர் ரோடு இருக்கு. எதுக்குடா இப்படி ஆத்தங்கரையைச் சுத்துறே?

செவெரின்: பாலம் சரியில்லண்ணே.

கஸ்பெர்: நேர் ரோட்டுல ஏதுடா பாலம்?

செவெரின்: இப்போ இருக்கு. நீ போனப்புறம் கட்டினது.

கஸ்பெர்: கட்டி, அதுக்குள்ள கெட்டும் போச்சா?

செவெரின்: கெட்டுப்போச்சு.

கஸ்பெர்: நல்ல பாலம்.

செவெரின்: உனக்கென்ன அவசரம்? இருபது வருஷம் கழிச்சு ஊருக்கு வர்றே. நாலு வயலைப் பாரு, நாலு மரத்தை... நாலு மாட்டைப் பாரு.

கஸ்பெர்: மாசக்கணக்கா வண்டியில குலுங்கி வந்திருக்கேன்டா. முதுகுல எலும்புன்னு ஒண்ணு பாக்கி இருக்கான்னே தெரியல. ஆடாத ஒரு நாற்காலியில உக்காரணும். அதுக்கப்புறம் மாட்டைப் பார்க்குறேன்.

செவெரின்: அதோ பாரு, நாரைக் கூடு. மில்லு கூரை மேல.

கஸ்பெர்: அங்கே சைபீரியாவுல, இர்குட்ஸ்க்ல நாரை கிடையாது... நாலு குஞ்சு இருக்கும் போலிருக்கே. எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது.

செவெரின்: நம்ம பண்ணை ஆளுங்க மாதிரியே. காலையில நான் கதவைத் திறந்தா இப்படித்தான் வரிசையா நிப்பாங்க. "எசமான், கிழங்கு அழுகுது. எசமான், செவலைப் பசுவுக்கு மடி வீங்கிடுச்சு. எசமான், சாராயக் கொப்பரை வெடிச்சிடுச்சு..."

கஸ்பெர்: வெடிச்சுதா?

செவெரின்: ரெண்டு தடவை. ரெண்டாம் தடவை கூரையும் சேர்ந்து போச்சு. பன்னியெல்லாம் கசிஞ்சதைக் குடிச்சிட்டு வேலியோரமாப் படுத்துக் கிடந்துச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்தவங்க எல்லாம் நின்னு வேடிக்கை பார்த்துட்டுப் போனாங்க.

கஸ்பெர்: ஹா! இதையெல்லாம் நீ எழுதவே இல்லையே.

செவெரின்: எதை எழுதறது, எதை விடறது.

கஸ்பெர்: நீ அனுப்பின படத்துல ஒரு பன்னியைக்கூடப் பார்த்ததில்ல. வானம், மேகம், மரம். மரம், மேகம், வானம். உன் பண்ணையில யாருக்கும் பசியே எடுக்காது போலன்னு நினைச்சுக்குவேன்.

செவெரின்: கேலி பண்ணு. இப்போ மேகத்தைப் பார்த்தா எனக்கு என்ன தோணுது தெரியுமா? வரையணும்னு தோணறதில்ல. ஐயய்யோ, வைக்கோல் நனையுமேன்னு தோணுது. ஒரு நாள் மேற்கால அப்படி ஒரு செக்கர் வானம்... என் வாழ்நாள்ல பார்த்ததில்ல. நான் என்ன பண்ணேன்? நாளைக்குக் காத்தடிக்கும், வயல்ல ரைப் பயிரெல்லாம் சாஞ்சிடும்னு ஆளைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்து பார்த்தா வானம் சாம்பலாக் கிடக்கு. அலுத்துப் போச்சுண்ணே. நெஜமாச் சொல்றேன், எலும்பு வரைக்கும் அலுத்துப் போச்சு. நீ வந்துட்டே. இனிமே உன் பண்ணை, உன் பசு, உன் கொப்பரை. ம்யூனிக்ல என்கூட ஓவியம் படிச்சவன் ஒருத்தன் இன்னும் ஒரு அறை வச்சிருக்கான், படம் வரையறதுக்குன்னே வடக்கு வெளிச்சம் விழற அறை. வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். அக்கா என் பெட்டியைக்கூடக் கட்டி வச்சிட்டா.

கஸ்பெர்: கட்டி வச்சிட்டாளா? டெக்லாவா?

செவெரின்: ஆமா. ஏன்?

கஸ்பெர்: ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல. ஏண்டா, வண்டியை ஏன் நிறுத்துறே?

செவெரின்: லாடம் தளர்ந்திருக்கு போல. இரு, பார்த்துட்டு வரேன்.

கஸ்பெர்: இப்பத்தான் அந்த மேட்டுல இறங்கிப் பார்த்தே.

செவெரின்: அது முன்னங்கால். இது பின்னங்கால்.

கஸ்பெர்: இன்னும் ரெண்டு கால் பாக்கி இருக்கு. அப்போ ராத்திரிச் சாப்பாடு இங்கேதான்.

செவெரின்: ...சரியாத்தான் இருக்கு. போலாம். ஹை, ஹை!

கஸ்பெர்: சூரியனை எதுக்குத் திரும்பித் திரும்பிப் பார்க்குறே? கடன்காரனைப் பார்க்குற மாதிரி.

செவெரின்: படம் வரையிறவன் புத்தி. வெளிச்சம் எங்கே இருக்குன்னு கண்ணு தேடும்.

கஸ்பெர்: இறங்கவே மாட்டேங்குது, இல்ல?

செவெரின்: இறங்கவே மாட்டேங்... என்ன கேட்டே?

கஸ்பெர்: ஒண்ணும் கேக்கல. ஓட்டு.

செவெரின்: ஹை, ஹை!

கஸ்பெர்: செவெரின்... இந்த மாசம் லிண்டன் பூத்திருக்குமே.

செவெரின்: பூத்திருக்கும்.

கஸ்பெர்: சின்ன வயசுல இந்த வளைவு திரும்பினாலே வாசம் தூக்கி அடிக்கும். தேன் காய்ச்சின மாதிரி. இப்போ ஒண்ணும் வரலையே.

செவெரின்: காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது.

கஸ்பெர்: காத்தே இல்லையேடா. ஒரு இலை ஆடல.

செவெரின்: அதான், காத்து இல்ல. இல்லாட்டி வாசம் எப்படி வரும்?

கஸ்பெர்: அதுவும் சரி.

செவெரின்: உனக்கு அங்கே இருந்து இருந்து மூக்கும் மரத்துப் போயிருக்கும்.

கஸ்பெர்: இருக்கும், இருக்கும். அம்மாவுக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது, ஞாபகம் இருக்கா? "சாயங்கால வெயிலையெல்லாம் இந்தத் தடியனுங்களே தின்னுடறானுங்க"ன்னு திட்டுவா. கோடையிலயும் டீ குடிக்கிற நேரத்துக்கே முன்கூடத்துல விளக்கேத்தணும். அவ்வளவு இருட்டு.

செவெரின்: ஆமா... அப்பா பதிலுக்கு, "எங்க தாத்தா வச்ச மரம், உங்க வீட்டுக்காரங்க ஒரு முள்ளங்கியாவது வச்சாங்களா?"ன்னு கேப்பாரு.

கஸ்பெர்: ஹா... முள்ளங்கி! அதோட அம்மா ரெண்டு நாள் பேச மாட்டா.

செவெரின்: அண்ணே...

கஸ்பெர்: சொல்லு.

செவெரின்: வந்து... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

கஸ்பெர்: சொல்லுடா.

செவெரின்: ...அந்தப் பக்கம் பாரு, புதுசா உருளைக்கிழங்கு போட்டிருக்கோம். இந்த மண்ணுக்கு நல்லா வருது.

கஸ்பெர்: கிழங்கா? இவ்வளவு தொண்டையைச் செருமிட்டு, கிழங்கைப் பத்தியா சொல்ல வந்தே?

செவெரின்: கிழங்கைப் பத்தித்தான்.

கஸ்பெர்: சரி. நல்ல கிழங்கு. குதிரையை இந்தப் பக்கம் திருப்பு.

செவெரின்: அண்ணே, அங்கே வேணாம், பாதை மேடு பள்ளமா இருக்கும். இன்னும் கொஞ்ச தூரம் போயி...

கஸ்பெர்: அந்த வாரைக் குடு என்கிட்ட. நானே ஓட்டுறேன். இந்த வழியில கண்ணை மூடிக்கிட்டும் போவேன். உன்னைச் சுத்த விட்டா நாளைக்கு மத்தியானம்தான் வீடு.

செவெரின்: வேணாம்ணே... சொன்னாக் கேளு... இன்னும் வெளிச்சம் இருக்கு...

கஸ்பெர்: வெளிச்சம் இருந்தா நல்லதுதானே? ஹை, ஹை!

* * *

செவெரின்: அண்ணே, நிறுத்து. கேட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்து. தயவு பண்ணி.

கஸ்பெர்: நிறுத்திட்டேன். சொல்லு.

செவெரின்: திட்டு, திட்டிடு. அடிக்கணும்னாலும் அடி. மரம் இல்ல. நீ போன மறு வருஷமே வெட்டியாச்சு. வெட்டின அன்னிக்கு நான் திரையை இழுத்து விட்டுட்டுக் கட்டில்ல கவுந்து படுத்திருந்தேன். கோடாலிச் சத்தம் தலையணைக்குள்ளயும் கேட்டுச்சு. உனக்கு அனுப்பின படமெல்லாம் பொய். எல்லாமே பொய்.

கஸ்பெர்: எல்லாமே பொய் இல்ல. வீட்டைப் பாரு.

செவெரின்: பாத்தேன், பாத்தேன், தினமும் பார்க்குற வீடுதானே...

கஸ்பெர்: ஜன்னலைப் பாருடா. முன்கூடத்து ஜன்னல். எப்படி எரியுது பாரு. வீட்டுக்குள்ள யாரோ உலை மூட்டின மாதிரி.

செவெரின்: வெயில் நேரா அடிக்குது. இந்த நேரத்துக்கு எப்பவும் அப்படித்தான்.

கஸ்பெர்: எப்பவும் இல்ல. மரம் போனப்புறம்தான். நீ அனுப்பின படத்துலயும் இதே மாதிரி எரியுது.

செவெரின்: என் படத்துலயா?

கஸ்பெர்: ரெண்டு வரிசை மரம், இலை கூட விடாம வரைஞ்சிருக்கே. அதுக்குப் பின்னாடி ஜன்னல்ல பொன்னு பொன்னா வெயில். அவ்வளவு மரம் முன்னாடி நின்னா, வெயில் எப்படிடா உள்ளே போச்சு? அம்மா விளக்கேத்தின கூடம்டா அது!

செவெரின்: ஐயோ...

கஸ்பெர்: மரத்தை மனசுலேர்ந்து வரைஞ்சே. வெயிலைக் கண்ணால பார்த்து வரைஞ்சே. கைக்குப் பொய் சொல்லத் தெரியுது, உன் கண்ணுக்குத் தெரியல.

செவெரின்: எந்தப் படத்துல கண்டுபிடிச்சே?

கஸ்பெர்: முதல் படத்துலயே. பார்த்துட்டு ஒரு ராத்திரி தூக்கமில்ல. எதுக்காக வெட்டியிருப்பீங்கன்னு யோசிச்சேன். அதுவும் புரிஞ்சு போச்சு. அப்புறம் சுவத்துல மாட்டிட்டேன்.

செவெரின்: அப்போ இத்தனை வருஷமா... ஸ்டேஷன்லேர்ந்து பாலம், லாடம், காத்துன்னு நான் உளறினப்போ எல்லாம்...

கஸ்பெர்: நல்லா இருந்துச்சு. இவ்வளவு சிரிப்பு எனக்கு வந்து ரொம்ப நாளாச்சு.

செவெரின்: அடப்பாவி மனுஷா! ஒரு வரி எழுதியிருக்கலாமேண்ணே. நெஞ்சுல கல்லை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் திரிஞ்சேன்.

கஸ்பெர்: எழுதினா நீ படம் அனுப்புறதை நிறுத்திடுவே. அங்கே இருக்கிற நம்ம ஆளுங்க ஞாயித்துக்கிழமையானா என் அறைக்கு வந்து அதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க. அவனவன் ஊரும் அதுக்குள்ளதான் இருந்துச்சு.

டெக்லா: அண்ணே! கஸ்பெர் அண்ணே! ...கேட்டுல நின்னுக்கிட்டு என்ன கூட்டம் போடுறீங்க? வந்தவனை வரவேற்க ரொட்டியையும் உப்பையும் ஏந்திக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? கை விழுந்துடும் போலிருக்கு.

கஸ்பெர்: டெக்லா! ஏ புள்ளே, எப்படி நரைச்சுப் போயிட்டே!

டெக்லா: உனக்கு நரைக்கிறதுக்குத் தலையில முடியாவது இருக்கா? ...வா. பிட்டுக்கோ. உப்பைத் தொட்டுக்கோ. எங்களை விட்டு எங்கே... எங்கேடா போயிருந்தே இத்தனை வருஷம்...

கஸ்பெர்: அழாதே, ரொட்டி நனையும்.

செவெரின்: அக்கா, அண்ணனுக்குத் தெரியுமாம்! மரம் போனது முதல்லேர்ந்தே தெரியுமாம்! வெயிலைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்கான். நான் எவ்வளவு பெரிய முட்டாள் பாரு!

டெக்லா: அதை நான் எப்பவோ பார்த்துட்டேன்.

செவெரின்: இருபது வருஷத்துப் பாரம் இறங்கிடுச்சு. இந்தா அண்ணே, பண்ணைச் சாவிக்கொத்து. இது தானியக் கிடங்கு, இது தொழுவம், இந்த வளைஞ்சது சாராயக் கூடம், அதைக் கொஞ்சம் இடப்பக்கமாத் திருப்பணும்... பிடி. ஏன், வாங்கிக்கோ. கையில ரொட்டி இருக்கா? சரி, பையில போட்டுக்கோ.

கஸ்பெர்: செவெரின், கொஞ்சம் உக்காரு.

செவெரின்: எதுக்கு?

கஸ்பெர்: உக்காருடா... எனக்கு அங்கே ஒரு பொண்ணு இருக்கா.

செவெரின்: எந்தப் பொண்ணு?

கஸ்பெர்: என் பொண்ணு. நம்ம அம்மா பேருதான் வச்சிருக்கேன், கமிலா. அவ அம்மா அந்த ஊர்க்காரி, தார்யா. கல்யாணம் நம்ம சபையில இல்ல, அவங்க சர்ச்சுல, அவங்க பாதிரி முன்னாடிதான் நடந்துச்சு. டெக்லா என்ன நினைப்பாளோன்னு எழுதல.

டெக்லா: கமிலாவுக்குக் கால் எவ்வளவு இருக்கும் இப்போ? அளவு தெரியாமலே காலுறை பின்னி வச்சிருக்கேன்.

கஸ்பெர்: ...உனக்கு எப்படித் தெரியும்?

டெக்லா: உனக்கு முன்னாடியே விடுதலையாகி வந்த கொல்லன் சொன்னான், சர்ச்சு வாசல்ல வச்சு. நாலு நாள் அழுதேன். அப்புறம் ஊசியை எடுத்தேன்.

செவெரின்: ரெண்டு பேரும் எனக்குச் சொல்லலையே... சரி, போகட்டும். சந்தோஷம்தான். அவங்களையும் கூட்டிட்டு வந்துடு. வீடு பெருசு, எத்தனை பேர் வேணா இருக்கலாம்.

கஸ்பெர்: வர மாட்டாங்கடா. தார்யாவோட அம்மா படுத்த படுக்கை. கமிலாவுக்கு நம்ம பாஷையில ரெண்டு பாட்டு தெரியும், அவ்வளவுதான். எனக்கும் அங்கே மெழுகுவத்திப் பட்டறை இருக்கு. கோடை முடியறதுக்குள்ள நான் திரும்பிப் போகணும்.

செவெரின்: திரும்பிப் போகணுமா?

கஸ்பெர்: அம்மா கல்லறையைப் பார்க்கணும், உங்க ரெண்டு பேரையும் பார்க்கணும்னு வந்தேன். இருக்கிறதுக்கு வரல.

செவெரின்: இதையும் எழுதல நீ.

கஸ்பெர்: எழுதியிருந்தா நீ பண்ணையை யாரு தலையிலயாவது கட்டிட்டுப் போயிருப்பே. போயிருக்கணும். போறது உன் உரிமை. தெரிஞ்சேதான் எழுதல. வீடுன்னு ஒண்ணு இங்கே நின்னாத்தான் எனக்கு அங்கே மூச்சு வந்துச்சு.

செவெரின்: உன் மூச்சுக்கு என் இருபது வருஷமா?

கஸ்பெர்: ஆமா.

செவெரின்: ஆமாங்கிறே... சண்டை போடக்கூட எனக்குத் தெம்பு இல்லண்ணே.

கஸ்பெர்: பொண்ணு உன் படத்துல இருக்கிற மரத்தை எண்ணி எண்ணித்தான் எண்ணவே பழகினா. வர்றப்போ, அதுல ஒரு இலை பறிச்சுட்டு வான்னா. சரின்னுட்டேன். மரம் இல்லன்னு தெரிஞ்சும் சரின்னுட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்...

செவெரின்: இலைதானே? இருக்கு.

கஸ்பெர்: என்ன?

செவெரின்: அடிக்கட்டையெல்லாம் துளிர்த்திருக்கு, அதோ, புல்லுக்குள்ள பாரு. ஆடு கடிச்சுக் கடிச்சு ஏறவே விடல. இப்போ ரெண்டு மூணு வருஷமாத்தான் இடுப்பளவுக்கு நிக்குது. பிஞ்சா வேணாம், பெரிய இலையாப் பறி. காகிதத்துக்கு நடுவுல வச்சாக் கெடாது.

டெக்லா: அதைச் சுத்தி முள்ளு வெட்டி வேலி கட்டினது யாரு? காலையில எழுந்ததும் செருப்புகூடப் போடாம ஆட்டைத் துரத்திக்கிட்டு ஓடுறது யாரு? கேளு அண்ணே.

செவெரின்: அதுக்கென்ன இப்போ? துரத்தினா என்ன? நான் போறேன். இவன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. யாராவது பார்த்துக்கோங்க. பாத்துக்க ஆள் இல்லன்னா இடியட்டும். அக்கா, பெட்டிச் சாவியைக் குடு. குடுன்னா குடு.

டெக்லா: அதுல உன் துணி ஒண்ணும் இல்லடா. எல்லாம் அலமாரியிலதான் இருக்கு.

செவெரின்: பின்னே அந்தக் கனம் என்ன?

டெக்லா: குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸைப் புளிக்கப்போடுற பீப்பா மேல, அமுக்கி வைக்கிற கல்லு... குளிர் வர்றதுக்குள்ள எப்படியும் நீதானே தூக்கி வைக்கணும்.